லேபிள் மாறிய கெளுத்தி

பூச்சி விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் சொல்லப்போவது எவ்வளவு கேவலம் என்பது விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். முப்பது வருடத்தை நெருங்கிவிட்டது. ஒரே பச்சையில் இரண்டு வெட்டுக்கிளிகளைக் கொடுத்தால் மல்லாத்திப் பிடித்து, முன்னங்கால்களுக்கு நடுவே சின்ன முள் இருக்கிறதா என்று பார்த்து, இது வேறு அது வேறு என்று சொல்லிவிடுவேன். கத்தரிச் செடியில் பொறிவண்டைக் கண்டதும் மருந்து டப்பாவைத் தூக்குகிற விவசாயிகளிடம் சண்டையே போட்டிருக்கிறேன். முதுகு பளபளவென்று இருந்தால் அது அசுவினிப் பூச்சியைத் தின்கிற நல்ல வண்டு, மங்கலாக முடி படர்ந்து இருந்தால் இலையைத் தின்கிற வண்டு, கொல்வதற்கு முன்னால் ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்களய்யா என்பேன். ஊருக்குத்தான் உபதேசம்.

மீன் என் துறை இல்லை. ஆனால் கல்லூரியில் அப்படிப் பிரித்துச் சொல்ல முடியாது. பூச்சிக்காரன் மீனும் நடத்த வேண்டும், மீன்காரன் பாம்பும் நடத்த வேண்டும். செய்முறைத் தேர்வில் 'ஸ்பாட்டர்' என்று ஒன்று உண்டு. ஃபார்மலினில் போட்ட உயிரினங்களைக் கண்ணாடி பாட்டிலோடு மேசையில் வரிசையாக வைத்துவிடுவோம். மாணவர்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் சில நிமிடம் நின்று, பெயரையும் அடையாளங்களையும் எழுத வேண்டும். பிள்ளைகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. மூடி விரிசல் விட்ட பாட்டில் என்றால் சுறாக்குட்டி, அடியில் மண்டி தங்கியது என்றால் விலாங்கு என்று பாட்டிலைத்தான் மனப்பாடம் செய்வார்கள். மீனை எவனும் பார்ப்பதில்லை. இதைச் சொல்லி ஓய்வறையில் நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், தேர்வுக்கு முந்தின நாள், நாட்டுக் கெளுத்தி இருந்த பாட்டில் கை தவறி உடைந்தது. மீன் பழசு, தொட்டதும் சதை பிய்ந்துபோனது. மறுநாள் காலையில் வெளித்தேர்வாளர் வந்துவிடுவார். அன்று சாயங்காலம் பழங்காநத்தத்தில் ஒரு மீன் கடைக்குப் போனேன். சிமெண்டுத் தொட்டியில் கெளுத்திகள் உயிரோடு நெளிந்துகொண்டிருந்தன.

"நாட்டுக் கெளுத்திதானே?" என்று கேட்டேன்.

"சத்தியமா நாட்டுக் கெளுத்திதான் சார். வேற மீனு நம்ம கடையில ஏது?" என்றார் கடைக்காரர்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கவோ விற்கவோ கூடாது என்று தடை இருக்கிறது. அது நம் ஊர்க் குளத்துக்குள் புகுந்தால் மற்ற மீன்களைத் தின்று தீர்த்துவிடும். தடை இருப்பதாலேயே அதை விற்கிறவர்கள் யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் சின்ன மீனாக ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, ஃபார்மலினில் போட்டு, 'நாட்டுக் கெளுத்தி' என்று என் கையாலேயே லேபிள் எழுதி ஒட்டினேன். அடுத்த வருடம் மாணவர்களுக்குக் குறிப்பு கொடுக்கும்போது புத்தகத்தைப் புரட்டச் சோம்பல்பட்டு, பாட்டிலைப் பார்த்தே சொன்னேன்: தலை ஓட்டின் பின்விளிம்பில் மூன்று முனைகள் இருக்கும். அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகள் அதை எழுதி மதிப்பெண் வாங்கிப் போனார்கள். உண்மை நேர் எதிர். மூன்று முனை ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு. நாட்டுக் கெளுத்திக்கு ஒற்றை முனைதான்.

போன வருடம் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். மீன்வளத் துறையில் வேலை பார்க்கிறார். பரவையைத் தாண்டி ஒரு கிராமத்தில், வயலுக்கு நடுவே பண்ணைக்குட்டை வெட்டி ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பதாகப் புகார் வந்திருக்கிறது, அடையாளம் சொல்லத் தெரிந்தவர் விடுப்பில் இருக்கிறார், நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். எனக்கு மீன் அவ்வளவு பழக்கமில்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். "உங்களை விட்டா யாரு சார்?" என்று அவர் கேட்டதும் வருகிறேன் என்றுவிட்டேன். மறுநாளே தல்லாகுளத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

புகார் கொடுத்தவர் என் மனைவி வழியில் தூரத்துச் சொந்தம். அங்கே போன பிறகுதான் தெரிந்தது. தலைமுறை தலைமுறையாக அந்த ஊரில் நிலம் வைத்திருக்கிற குடும்பம். "வாங்க மாப்ள, காப்பி குடிச்சிட்டுப் போவோம்" என்று வீட்டுக்குள் அழைத்துப் போனார். காப்பியோடு முறுக்கும் வந்தது. குட்டை வைத்திருக்கிறவர்கள் அவர் நிலத்தில் கூலிக்கு வேலை பார்த்த குடும்பம் என்றும், இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கிவிட்டதில் கால் தரையில் பாவவில்லை என்றும் சொன்னார். "எங்கிட்டாவது தடை பண்ணுன மீன வாங்கியாந்து விட்ருப்பாக. அவுகளுக்கு என்ன தெரியும்?" என்றார். நான் இன்னொரு முறுக்கை எடுத்துக்கொண்டேன். முறுக்கு நன்றாக இருந்தது.

குட்டைக்காரி நாற்பது வயதுக்குள் இருப்பாள். கணவர் இல்லை. குட்டையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். நாங்கள் போய் நின்றதும் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். வேண்டாம், இப்போதுதான் குடித்தேன் என்றேன். பொய் இல்லைதான். ஆனால் வெயில் மண்டையைப் பிளந்தது, எனக்குத் தாகமாகவும் இருந்தது. எனக்கெல்லாம் சாதி கிடையாது என்று மேடையில் பேசுகிறவன் நான். அந்தச் சொம்பை ஏன் வாங்கவில்லை என்று இப்போது கேட்டால் என்னிடம் கௌரவமான பதில் எதுவும் இல்லை.

கரையைச் சுற்றி ஊரே கூடிவிட்டது. என் மாணவர் வலையை வீசி நாலைந்து மீன்களை எடுத்து ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டார். நான் குனிந்து பார்த்தேன். தொடவில்லை. தலையின் பின்பக்கம் ஒற்றை முனை. என் பாட்டிலில் இருந்த நாட்டுக் கெளுத்திக்கு மூன்று முனை. அப்படியானால் இது நாட்டுக் கெளுத்தி இல்லை. கணக்கு அவ்வளவு சுலபமாக முடிந்தது.

"சார், இது கம்மாய் மீனு சார்" என்றாள் அவள். "மழை பேஞ்சு கம்மாய் நெறஞ்சப்ப எங்கண்ணன்தான் குஞ்சு பிடிச்சாந்து விட்டுச்சு. எட்டு மாசமாச்சு, இன்னும் ஒரு சாணுக்கு மேல வளரல. அந்தக் கெளுத்தின்னா இந்நேரம் முழங்கை நீளம் வந்திருக்காதா?"

இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. முதலாண்டு மாணவன் சொல்லியிருந்தால் தட்டிக்கொடுத்திருப்பேன். அவள் சொன்னபோது, தப்பித்துக்கொள்வதற்கு ஒரு காரணம் என்றுதான் பட்டது.

"தீனி பத்தலைன்னா வளராதும்மா" என்றேன். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "ஆப்பிரிக்கக் கெளுத்திதான். சந்தேகமே இல்லை" என்றேன். சந்தேகமே இல்லை என்பதை நான் சேர்த்திருக்க வேண்டியதில்லை. யாரும் கேட்கவில்லை. சொந்தக்காரர் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார், அந்தத் தலையாட்டலுக்காகச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அன்று மத்தியானமே மோட்டார் போட்டுத் தண்ணீரை இறைத்தார்கள். கெளுத்தி காற்றையும் சுவாசிக்கிற மீன், தண்ணீர் வற்றினால் உடனே சாகாது. சேற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்தன. அள்ளி எடுத்துக் குழியில் கொட்டி, பிளீச்சிங் பவுடரைத் தூவி மண்ணைத் தள்ளினார்கள். தள்ளிய மண் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது. அவள் அழவில்லை. கரையில் உட்கார்ந்து கால்விரலில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் ஒரு மீனை மட்டும் பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டேன், ஆப்பிரிக்கக் கெளுத்தி எங்கள் ஆய்வகத்தில் இல்லை என்பதற்காக.

அந்த மீனுக்கு லேபிள் எழுதத்தான் ஒரு மாதம் கழித்துப் புத்தகத்தைத் திறந்தேன். புதிய பாட்டில் என்பதால் அடையாளங்களை ஒழுங்காக எழுதிவிடலாம் என்று தோன்றியது. படத்தையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தேன். நான் ஏதோ தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். வேறு இரண்டு புத்தகங்களை எடுத்தேன். இரண்டிலும் அதே படம். குட்டையிலிருந்து கொண்டுவந்த மீன் நாட்டுக் கெளுத்தி. நாட்டுக் கெளுத்தி என்று இத்தனை வருடம் அலமாரியில் வைத்திருந்தது, கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்த ஆப்பிரிக்கக் கெளுத்தி. ஆய்வகத்தில் யாரும் இல்லை. இருந்தும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டேன்.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேனா? இல்லை. பாட்டில்களின் லேபிளை மாற்றினேன், மாணவர்களுக்குப் புதுக் குறிப்பு கொடுத்தேன். பழைய குறிப்பில் தட்டச்சுப் பிழை என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், எனக்கு நாலு மாதம் மறைக்க முடிந்தது. செத்த மீன் செத்ததுதானே, சொன்னால் உயிர் வரவா போகிறது என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டேன். சாப்பாட்டில் மீன் வந்தால் மட்டும் தட்டைத் தள்ளினேன். மனைவி வயிற்றுக்குச் சரியில்லையா என்று கேட்டாள், ஆமாம் என்றேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். குட்டை வறண்டு வெடித்துக் கிடந்தது. அவளைக் கேட்டதற்கு, புகார் கொடுத்த என் சொந்தக்காரரின் மல்லிகைத் தோட்டத்தில் மொட்டு எடுக்கப் போயிருக்கிறாள் என்றார்கள். அங்கே பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாகக் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். நான் வரப்பில் நிற்பதைப் பார்த்து ஒருத்தி, "ஏ ஆப்பிரிக்கா, ஒன்னத் தேடி சார் வந்திருக்காக" என்று கூப்பிட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அதுதான் இப்போது அவளுக்கு ஊரில் பெயர்.

அவள் மடியில் மொட்டோடு வரப்புக்கு வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"சார், அன்னைக்கு உங்ககிட்ட எதுத்துப் பேசிப்புட்டேன். மனசுல வச்சுக்கிராதீங்க. படிச்சவுக நீங்க சொன்னப்புறந்தான் எனக்கு வெளங்குச்சு. எங்கண்ணன் பொய் சொல்லி என்னைய ஏமாத்திப்புட்டான். கம்மாயில பிடிச்சேன்னு சொல்லி, எங்கிட்டோ வாங்கியாந்து விட்ருக்கான். அன்னைல இருந்து அவன்கூடப் பேச்சு வார்த்தை இல்ல. அவன் மக சடங்குக்குக்கூட நான் போகல."

காலுக்குக் கீழே பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. மீன் மட்டும்தான் செத்தது என்று நாலு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணன் பொய் சொல்லலம்மா" என்றேன். "நான்தான் தப்பாச் சொன்னேன். அது நாட்டுக் கெளுத்திதான். நீங்க சொன்னது அம்புட்டும் சரி."

அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. திரும்பச் சொன்னேன். ஆய்வகம், பாட்டில், கடைக்காரர் என்று ஏதேதோ விளக்கினேன், அதுவும் பாதி எனக்கு ஆதரவாகவே வந்து விழுந்தது. அவள் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை.

"அப்ப எங்கண்ணன் நெசமாத்தான் கம்மாயில பிடிச்சுச்சா?"

"ஆமாம்மா."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மீனை மூடியபோது அழாதவள். புறங்கையால் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மொட்டைக் கிளறிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. மீன்வள ஆபீசுக்கு எழுதித் தருகிறேன், இழப்பீடு கேட்கலாம் என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள்.

"எங்கிட்டத் தனியா வந்து சொல்லி என்ன சார் ஆகப்போகுது? அன்னைக்கு ஊரு முன்னாடில்ல சொன்னீக."

அவளுக்குப் பின்னால் பெண்கள் பறிப்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்தின் அந்தக் கோடியில் என் சொந்தக்காரர், "வாங்க மாப்ள, எப்ப வந்தீக?" என்று கை காட்டியபடி வந்துகொண்டிருந்தார். அவள் காத்திருந்தாள். குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும், எல்லோருக்கும் கேட்டிருக்கும். வகுப்பில் கடைசி பெஞ்சு வரை கேட்கிற குரல்தான் எனக்கு.

"இப்பத்தான் மாமா, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றேன்.

அவள் மடியை இறுக்கிக்கொண்டு வரிசைக்குத் திரும்பிப் போனாள்.