மணிக்கு இருபத்தெட்டு லீற்றர்

ஏணியில் ஏறி, இறக்கையின் மேலுள்ள மூடியைத் திருகித் திறந்து, அளவுக் குச்சியைப் பெற்றோல் தாங்கிக்குள் விடுகிறார் தயாளினி. வெளியே எடுத்து, ஈரம் எந்தக் கோடு வரை ஏறியிருக்கிறதென்று பார்க்கிறார். நம்பிக்கை வராமல் துடைத்துவிட்டு மறுபடி விடுகிறார். பெற்றோல் எவ்வளவு இருக்கிறதென்று காட்ட விமானத்துக்குள் முள் வைத்த மானி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. “அது சும்மா வடிவுக்கு” என்பார்.

சீனக்குடாவில் விமானம் ஓட்டப் பழக்கும் சின்னப் பள்ளி ஒன்றின் பயிற்றுநர் அவர். வயது நாற்பத்து மூன்று. பள்ளியின் ஒரே விமானம் அவரைவிட நாலு வயது மூத்தது. உள்ளே இரண்டே இருக்கைகள். மணிக்கு இருபத்து மூன்று லீற்றர் குடிக்கும் என்கிறது அதனோடு வந்த புத்தகம். தயாளினி இருபத்தெட்டு என்றே கணக்குப் போடுவார். “புத்தகம் எழுதேக்க அது குமர். இப்ப கிழவி. வயசு போனால் தாகம் கூடத்தானே?”

வீட்டிலும் இதே சந்தேகம்தான். காஸ் சிலிண்டரை இரண்டு கையாலும் தூக்கி அசைத்துப் பார்க்காமல் இடியப்பத்துக்கு மாக் குழைக்க மாட்டார். பக்கத்து ஊர் கப்பல்துறைக்குப் போவதென்றாலும் ஸ்கூட்டரை ஆட்டி, உள்ளே தளும்பும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார்.

போன ஆனியில், பள்ளியின் முகாமையாளர் ரிஷிகேசனுக்கு வெள்ளவத்தையில் கலியாண எழுத்து. “வானில வாறன்” என்று பெண் வீட்டாரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டார். கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள இரத்மலானை விமானத்தளம் வரை தயாளினி கொண்டுபோய் இறக்குவதென்று ஏற்பாடு. மாப்பிள்ளை பலகாரத் தட்டுகளோடு வந்து நின்றார். அவ்வளவு பாரத்தோடு தாங்கியை முழுக்க நிரப்பினால் விமானம் எழும்பாது. ஒரு தட்டைக்கூட விட்டுவர அவர் சம்மதிக்கவில்லை. பெற்றோலைத்தான் குறைக்க வேண்டியிருந்தது.

தம்பலகாமத்து வயல்களைத் தாண்டியதும் எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. கீழே வீதியில் ஒரு கார் அவர்களை நிதானமாக முந்திப் போனது. தயாளினி மணிக்கூட்டைப் பார்த்தார், காற்றைக் கணக்கில் சேர்த்தார், இருபத்தெட்டால் பெருக்கினார். இரத்மலானைக்குப் போய்ச் சேரலாம். ஆனால் அவசரத்துக்கென்று அவர் எப்போதும் ஒதுக்கிவைக்கும் பெற்றோலிலும் கை வைக்க நேரும்.

“திரும்புவம் தம்பி.”

“அக்கா, முள்ளைப் பாருங்கோ. பாதிக்கு மேல காட்டுது.”

“முள்ளை நம்பி உங்களைக் கொண்டுபோக ஏலாது.”

காற்று பின்னால் நின்று தள்ள, போனதைவிட வேகமாகச் சீனக்குடாவில் வந்து இறங்கினார்கள். ரிஷிகேசன் ஏணியை இழுத்து வந்து சாத்தி, வேட்டியை மடித்துக்கொண்டு ஏறி, குச்சியைத் தானே விட்டுப் பார்த்தார். தயாளினியின் கணக்குப்படி நிற்க வேண்டிய கோட்டுக்கு நல்ல உயரத்தில் நின்றது ஈரம். தாராளமாகப் போயிருக்கலாம்.

தயாளினிக்கு முகம் சுட்டது. மெக்கானிக் அப்ராஸ் முந்தின கிழமைதான் காபரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டியிருந்தார். கிழவி இனிக் குறையத்தான் குடிப்பாள் என்று அப்போதே சொன்னார். தயாளினிதான் நம்பவில்லை.

மாப்பிள்ளை வாடகைக்கு ஓடும் வான் வண்டி ஒன்றைப் பிடித்து, தட்டுகளை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு ஓடினார். சுபநேரம் தப்பிவிட்டது; பெண் வீட்டார்தான் பதிவாளரைக் கெஞ்சிக் கூத்தாடிப் பின்னேரம் வரை மறித்து வைத்திருந்தார்களாம். மணப்பெண் லக்சாயினி வாசலுக்கு வந்து பார்த்தாளாம். “வானில வாறன் எண்டு சொன்னனீங்கள். சொன்ன மாதிரி வானிலதான் வந்திருக்கிறீங்கள்” என்றாளாம். முகத்தைத் தூக்கி வைத்திருந்த இரண்டு வீட்டாரும் சிரித்த பிறகுதான் கையெழுத்து நடந்தது.

புது மாப்பிள்ளை வேலைக்குத் திரும்பியதும், கணக்கை மாற்றியே ஆக வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார். தயாளினியும் மறுக்கவில்லை. தாங்கியை விளிம்பு வரை நிரப்பி, இருவருமாகத் துறைமுகத்தின் மேலே ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்து, மறுபடி விளிம்பு வரை நிரப்பினார்கள். இருபத்து நாலு லீற்றர் பிடித்தது. இனி அதுதான் கணக்கு என்று தயாளினி ஒத்துக்கொண்டார். நம்பாமல் விட்டதற்கு அப்ராஸிடமும் வருத்தம் சொன்னார். ரிஷிகேசன் தலையை நிமிர்த்திக்கொண்டு அலுவலகத்துக்குள் போனார்.

மறுநாள் பயிற்சிக்குப் புதுக் கணக்கின்படி பெற்றோல் விட்டு, குழாயை நிறுத்தினார் அப்ராஸ். தயாளினி அலுவலகப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. பெருவிரலையும் சுட்டுவிரலையும் சற்றே விரித்து, இன்னும் கொஞ்சம் என்று அப்ராஸுக்குச் சாடை காட்டினார்.