சின்ன வட்டம் எந்தப் பக்கம்

அக்கா வீட்டில் ஒரு படுக்கையறைக் கதவு காற்றில் தானாகச் சாத்திக்கொள்ளும். அதைத் தடுக்க அடியில் ஒரு கறுப்புப் பந்து கிடக்கிறது. சிறு தேங்காய் அளவுதான். கையில் எடுத்தால் நினைத்ததைவிடக் கனக்கும். ஒரு பக்கம் பெரிய வட்டமும் மறுபக்கம் சின்ன வட்டமும் பொறித்திருக்கும். பிரேசர் டவுனில் அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் அதை உடற்பயிற்சிச் சாமான் என்று நினைக்கிறார்கள். அக்கா திருத்துவதில்லை.

சில வருடங்களுக்கு முன், எங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்புக்கு லான் பவுல்ஸ் பற்றிப் புதியவர்களுக்கான அறிமுகம் ஒன்றை எழுதச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்து அதை ஆடுகிறவள் அக்கா ஒருத்திதான். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அவள் மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஞாயிறு காலையில் மட்டும் ஒரு நர்ஸ் வருவாள். அந்த நேரத்தில் அக்கா, மாமா உறுப்பினராக இருந்த கிளப்புக்குப் போவாள். மற்ற நாட்களில் மாமியார் அவள் கையால் அல்லாமல் ஒரு வாய்கூட வாங்கமாட்டார். "அம்மா உன்னைத்தான் தேடறாங்க" என்பார் மாமா. பாராட்டாகத்தான் சொல்வார்.

ஆட்டம் எளிது. புல்வெளியின் ஒரு முனையில் சின்னப் பாயில் நின்று, ஜாக் என்னும் சிறிய வெள்ளைப் பந்தை முதலில் மறுமுனைக்கு உருட்டிவிடுவார்கள். பிறகு தங்கள் கறுப்புப் பந்துகளை அதற்கு மிக அருகில் போய் நிற்கும்படி உருட்ட வேண்டும். சிக்கல் என்னவென்றால், பந்து நேராகப் போகாது. சின்ன வட்டம் இருக்கும் பக்கமாக வளையும். வேகமாகப் போகும்வரை தெரியாது. தளரும்போதுதான் வளைவு வெளிப்படும். ஆகவே ஜாக்கை விட்டு விலக்கித்தான் குறிவைக்க வேண்டும். வட்டத்தை மாற்றிப் பிடித்தால் பந்து பக்கத்து ஆட்டக்காரர்களின் காலடியில் போய் நிற்கும். அந்தக் கிளப்பில் அப்படி உருட்டியவர் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். என் முதல் பந்தே அப்படித்தான் போனது. "மேடம், நனகே சக்கரே பேடா" என்று தன் டீக்குச் சர்க்கரை வேண்டாமெனக் கன்னடத்தில் உடனே சொல்லிவைத்தார் ஒரு பெரியவர். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அதற்கு முன் எப்போது கேட்டேன் என்று யோசிக்க வேண்டியிருந்தது.

மாநில அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டம் அதே கிளப்பில் நடந்தது. தேர்வானால் ராஞ்சியில் ஒரு வாரம் ஆட வேண்டும்.

"நான் லீவு போட்டு அத்தையைப் பாத்துக்கறேன்கா."

"உன் கையால சாப்பிடுவாங்களாடி?"

நன்றாக ஆடினாள். அவளும் எதிர்த்து ஆடியவரும் சமமாக இருந்தபோது கடைசிப் பந்து அவளுடையது. பாயில் ஏறி நின்றாள். பந்தை உள்ளங்கையில் ஒருமுறை திருப்பினாள், குனிந்து பார்த்தாள், உருட்டினாள். நான் ஓரத்தில், அவள் கைக்கு நேராக நின்றிருந்தேன். சின்ன வட்டம் வெளிப்பக்கம் இருந்தது. பந்து சரியான பாதையில் போய், வேகம் தளர்ந்ததும் ஜாக்குக்கு முதுகு காட்டி விலகிக்கொண்டே போனது. அக்கா கையைத் தட்டிக்கொண்டு திரும்பினாள். "யார் யாருக்கு டீ?"

ஆட்டோவில் கேட்டேன். "பாத்துட்டுத்தானே உருட்டின?"

அக்கா சொன்னாள். "ஜெயிச்சா வீட்ல யாராச்சும் வேணாம்னு சொல்லியாகணும். உங்க மாமா வாயால சொல்வாரு, அத்தை சாப்பிடாம சொல்வாங்க. இப்ப யாரும் சொல்ல வேணாம் பாரு."

"வட்டத்தை மாத்திப் பிடிச்சுட்டேன்" என்று மாமாவிடம் சொன்னாள். "அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அவள் கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே போனாள்.

பிறகு கிளப்புக்குப் போவது குறைந்து, நின்றது. மற்ற பந்துகளை அங்கேயே கொடுத்துவிட்டாள். ஒன்று மட்டும் மாமியார் அறையின் கதவடிக்கு வந்தது. மாமியார் கூப்பிட்டால் சமையலறையில் கேட்க வேண்டுமே. என் கட்டுரையும் வெளிவந்தது. வட்டத்தை மாற்றிப் பிடிப்பது புதியவர்கள் செய்யும் தவறு என்று அதில் எழுதியிருந்தேன்.

மாமியார் போன வருடம் இறந்துவிட்டார். கட்டிலைக் கழற்றி, அறையைக் கழுவியாகிவிட்டது. போன வாரம் அங்கே போயிருந்தபோது, கிளப்பில் மறுபடி ஆள் எடுக்கிறார்களாம் என்று சொல்லிக்கொண்டே குனிந்து பந்தை எடுத்தேன். கீல் முனகியது. அக்கா சமையலறையிலிருந்து திரும்பிப் பார்க்கவில்லை.

"அதை அங்கேயே வைடி. கதவு சாத்திக்கும்."