டுரியானுக்குச் சாட்சி

மலேசியாவின் கிள்ளானில் என் காரின் கூரை நசுங்கியபோது, இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, அதற்கு மேலே பெரிய மூக்கு. எதையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தொடுவார். நான் நீட்டிய காப்பியையும்கூட.

"ஓட்டிப் போய்க் கிளையில இடிச்சிருந்தா, ரிப்பேர்ல முதல் இருபது வெள்ளி உங்க தலையிலண்ணே. நின்ன கார் மேல தானா விழுந்திருந்தா முழுசும் கம்பெனி கொடுக்கும்."

"இந்த மரத்துலேர்ந்து பலாக்காய் கனத்துல ஒரு டுரியான் பழம்தான் விழுந்துச்சு."

"பழம் எங்க?"

"காலையில தின்னுட்டோம்லா."

நசுங்கிய இடத்தை முகர்ந்தார். ஊரையே கூட்டும் டுரியான் வாடையை மழை கழுவிவிட்டிருந்தது. உதட்டைப் பிதுக்கினார்.

"வாயத் திறங்க."

திறந்தேன். குனிந்து முகர்ந்தவரின் முகம் மலர்ந்தது.

"கம்பெனியே கொடுக்கும்!"

பிறகு, தெருவில் நிறுத்தியிருந்த தன் காரை அதே மரத்தடிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணாந்து பார்த்தபடியே காப்பியைக் குடித்து முடித்தார்.