பரமலிங்கத்தின் பெருவிரல்

எந்த மண்ணையும் பெருவிரலால் நசுக்கி மோந்து பார்க்காமல் பரமலிங்கம் போத்தலில் போடமாட்டார். கையுறையும் கரண்டியும் பையில் சும்மா கிடக்கும். "அப்பு வயல் வாங்கேக்கையும் இப்பிடித்தான் பாத்தவர்" என்பார், என்னவோ பெரிய விஞ்ஞானம் போல.

கிளிநொச்சி ஆய்வுகூடத்தில் அவருக்கு மண்ணில் பற்றீரியா தேடும் வேலை. மாட்டுத்தோலின் மயிரைச் சுண்ணாம்பில்லாமல் கழற்றும் நொதியம் ஒன்றைத் தோல் தொழிற்சாலைக்காரர் கேட்கிறார்கள். பால் கலந்து உறையவைத்த தட்டில் மண்ணைக் கரைத்துத் தடவுவார். அந்த நொதியத்தைச் சுரக்கும் பற்றீரியா பாலைக் கரைத்துத் தன்னைச் சுற்றித் தெளிந்த வளையம் போடும். மற்றப்படி மனிதர் படு பயந்தாங்கொள்ளி. அக்கராயன் பாதையில் காய்ந்த யானை இலத்தியைக் கண்டாலும் சைக்கிளைத் திருப்பிவிடுவார்.

மல்லாவியில் ஹமீட்டின் தோல் காயவைக்கும் வளவில் மயிர் தானாக உதிர்கிறது என்று கேள்விப்பட்டுப் போனார். முள் கிழித்த பெருவிரலாலேயே அந்த மண்ணையும் நசுக்கினார். பிறகு தட்டில் விழுந்ததைப் போல ஒரு வளையத்தை அவர் கண்டதேயில்லை. சந்தோசம் தாங்காமல் ஹமீட்டிடம் சொல்ல ஓடினார்.

"எந்த மூலை ஐயா? வேலிக்கரையோ?" ஹமீட்டின் முகம் கறுத்தது. "அல்லாவே! போன மாரியில வயிறு ஊதிச் செத்த எருமையை அதிலதான் உரிச்சது. அடைப்பானெண்டு மாட்டு டொக்டர் பிறகுதான் சொன்னவர். உரிச்ச ஆளுக்குக் கையில கறுத்தப் புண் வந்து, ஆள் மௌத்து ஐயா."

அடைப்பான் என்கிற அந்திராக்ஸ் கிருமி மண்ணில் வருடக்கணக்காய் உறங்கும். அதுவும் பாலைக் கரைக்கும். இரண்டும் பரமலிங்கம் படித்ததுதான். தட்டில் இருப்பது தேடிய செல்வமா, தேடி வந்த யமனா? மாதிரியைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியாயிற்று, பதில் வரவில்லை. பென்சிலின் போட்டாயிற்று. பயத்துக்கு எந்த டொக்டர் ஊசி போடுவார்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மச்சத்தைக்கூடப் புண்ணென்று தடவிப் பார்க்கிறார். ஆனால் இன்று காலை பெருவிரலில் எழும்பிய கொப்புளம் மச்சமல்ல.

"நுளம்பு கடிச்சதுக்கு இவ்வளவு ஆரவாரமோ?" என்று மனைவி நேசமலர் சிரித்தாள்.

அந்திக்கு வீடு திரும்பியதும் மூன்று வயது மகள் ஓடிவந்து கைகளை உயர்த்தினாள். "அப்பா, தூக்குங்கோ!"

பரமலிங்கம் இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் இறுக்கிக்கொண்டு, திரும்பிக் குந்தினார்.

"முதுகில ஏறுங்கோ குஞ்சு. நீங்களே கழுத்தைக் கட்டிப் பிடியுங்கோ."