பதினேழாம் நம்பர் அட்டை

பனிமூட்டம் வகுப்புக்குள் வந்துவிட்டால் எங்கள் அட்டைகளில் ஈரக் காகித வாசனை அடிக்கும். குன்னூரை அடுத்த ஜெகதளாப் பக்கம் நான் படித்த ஆறாம் வகுப்பு என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வாசனைதான். கணக்கு டீச்சர் தம் போன் கேமராவைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே, "எல்லாரும் 'கட்டம்' எடுங்க" என்பார்.

'கட்டம்' என்று நாங்கள் பெயர் வைத்தது கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கள் அச்சடித்த அட்டைக்கு. ஆளுக்கொரு நம்பர். டீச்சர் ஒரு கேள்வியும் நான்கு விடைகளும் சொல்வார். அட்டையின் நான்கு பக்கங்களில் நமக்குச் சரியென்று படும் பக்கத்தை மேலே வைத்துத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அவர் போனை ஒரு சுற்றுக் காட்டினால் அதில் அவரவர் பெயருக்கு நேரே பச்சையோ சிவப்போ விழும்; அதைப் பெற்றோர் கூட்டத்தில்தான் காட்டுவார். பக்கத்தில் இருப்பவர் காப்பியடிக்க வழியில்லை. ஒவ்வொரு அட்டையும் ஒவ்வொரு மாதிரி, விடை எழுத்தோ எறும்பளவு. கணக்கென்றால் பயந்து ஓடிய நாங்கள், அந்தப் பீரியட் எப்போது வரும் என்று காத்துக் கிடந்தோம்.

என் பக்கத்தில் உட்கார்ந்த மலர் மட்டும் காத்திருக்கவில்லை. தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான 'லயத்து'ப் பிள்ளை. போன கூட்டத்தில் அவள் பெயருக்கு நேரே எல்லாம் சிவப்புதான். மாதக் கடைசியில் பெற்றோர் கூட்டம் என்றதும் அழுதுவிட்டாள். "படிப்பு ஏறலன்னா நின்னுட்டுத் தம்பியப் பாத்துக்கன்னு அம்மா சொல்லிருச்சு புள்ள."

எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அவளுடைய பதினெட்டை நான் வாங்கிக்கொண்டு என் பதினேழை அவளிடம் கொடுத்தேன். இனி மலர் பெயருக்குப் பச்சை விழும்; என் பெயர் சிவக்கும். ஏதோ பெரிய தியாகி என்ற மிதப்பில் திரிந்தாலும், வீட்டில் அடி விழும் என்ற பயம் இருந்தது. என் அம்மாவின் கை அப்படி.

கூட்டத்தன்று மலரின் அம்மா கொழுந்துக் கறை படிந்த கையோடு வந்து நின்றார். டீச்சர் போனைக் காட்டி மலரைப் புகழ்ந்தார். "அப்ப படிக்கட்டுங்க டீச்சர்" என்று அவர் சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. அடுத்தது நான்.

"உங்க பொண்ணு மொதல் வாரம் சறுக்கிட்டா. அப்புறம் பாருங்க, வரவர எல்லாம் பச்சை."

"வெளையாட்டுப் புத்திங்க டீச்சர், சொன்னாக் கேக்கறதில்லைங்க" என்றார் அம்மா.

டீச்சர் காட்டிய பச்சையெல்லாம் என் பதினேழுக்கு நேரே. அந்த அட்டையை நான் தொட்டே ஒரு மாதம் ஆகியிருந்தது. வெளியே வந்ததும் மலரைப் பிடித்து உலுக்கினேன்.

"ஒன் பேருல செவப்பு விழுந்தா ஒங்கம்மா அடிக்குமில்ல. அதான் தம்பிய மடியில போட்டுக்கிட்டே வாய்ப்பாடு படிச்சேன்" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாளே அட்டைகளை மாற்றிக்கொண்டோம். அடுத்த கூட்டத்திலும் பதினெட்டுக்கு நேரே பச்சைதான்.

இப்போது நானும் கோயம்புத்தூரில் கணக்கு டீச்சர். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டேப்லெட். முகத்தைப் பார்த்துத்தான் திறக்கும். ஒருவர் பெயரில் இன்னொருவர் விடை சொல்ல முடியாது. நல்லதுதான் என்கிறார்கள், நானும் தலையாட்டுகிறேன். மலரின் லயத்தில் இன்று ஆளில்லை. அவர்கள் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி.

போன மாதம் குன்னூர் மார்க்கெட்டில் பழைய டீச்சரைப் பார்த்தேன். "நீ சறுக்கி எந்திரிச்ச கதையத்தான் இன்னும் என் பிள்ளைங்களுக்குச் சொல்றேன்" என்று கன்னத்தைத் தட்டினார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அது மலர், டீச்சர்.