கையை விடாத அக்கா

பினாங்கு டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடியின் லிப்ட் நின்று மாதங்கள் ஆகிவிட்டன. என் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். ஒன்பதாவது மாடியிலிருந்து அவளால் நடந்து இறங்க முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்வீட்டு மலாய்க்காரரும் கீழ்மாடிச் சீனரும் நானும் தூக்கிக்கொண்டு இறங்குவோம். திரும்ப ஏற்றுவதற்குள் உயிர் போய் உயிர் வரும்.

ஒய்பியிடம், அதாவது எங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம், மனு கொடுத்தோம். கெட்டுப்போனது என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. "தரம் உயர்த்தும் பணி நடக்குது," என்றார். பணி செய்ய ஓர் ஆளும் வரவில்லை. அவர் சிரிக்கும் பேனர் மட்டும் உடனே வந்து லிப்ட் கதவை மறைத்தது.

பிறகு யாரோ நாங்கள் தூக்குவதைப் படம் எடுக்க, அது ஒய்பியின் பேஸ்புக்கில் வந்தது. 'மூன்று இனம், ஒரே தோள். இதுதான் நம் பினாங்கு.' லிப்டைப் பற்றி மூச்சே இல்லை. தாசேக் கெலுகோரிலிருந்து சித்தப்பா மகன் பெருமையாகப் போன் செய்தான். அவனிடம் எரிந்து விழுந்தேன். படத்தில் அக்காவின் நைட்டி முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. "ஊரே பாத்துருச்சேடா," என்று அழுதாள்.

அடுத்த வாரம் ஒய்பியின் உதவியாளர் வந்தார். "அண்ணே, ஒய்பியும் ஒரு பக்கம் புடிக்கணும்னு ஆசைப்படுறாரு. வியாழக்கிழமை காலையில ஓகேவா?"

"அன்னிக்கு டயாலிசிஸ் இல்லையே."

"பரவாயில்லைலா. சும்மா ஒரு மாடி எறக்கினா போதும்."

கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். அக்கா உள்ளேயிருந்து, "வரச் சொல்லு," என்றாள்.

வந்தார். நாற்காலியின் ஒரு காலைப் பிடித்தார். ஒரு மாடி இறங்கியதும் கேமராக்காரர் தலையாட்ட, அவர் கையை எடுக்கப் போனார். அக்கா அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் எட்டு மாடி இருக்கு ஒய்பி. தூக்குங்க. லிப்ட் இல்லாம நாங்க படுற பாடு தெரியட்டும்." அவருக்கு வியர்த்துவிட்டது. விடுவித்துக்கொண்டு, வேறு கூட்டம் இருக்கிறது என்று இறங்கி ஓடினார். எனக்கு அன்று சோறு ருசித்தது.

மாலையில் படம் வந்தது. அக்கா கண் கலங்க அவர் கையைப் பற்றியிருக்கிறாள். கீழே இப்படி எழுதியிருந்தார்கள்: 'நன்றிப் பெருக்கில் மக்கள் தலைவரின் கையை விட மறுத்த சகோதரி.'

அக்கா அதை நெடுநேரம் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை காலை எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். நாற்காலியை எடுத்தோம்.