மாட்டின் காதில் சொன்ன ஜெபம்

ஆறேழு வருஷத்துக்கு முன்பு, எனக்குக் கல்யாணமான புதிதில், ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் என் மாமனாரின் தோப்பு வீட்டில் நடந்தது இது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுப் பக்கம் ஒரு காம்பவுண்டு வீட்டில் வளர்ந்தவள். சின்ன வயதிலேயே அப்பா தவறிவிட்டார். மாடு என்றால் ரோட்டின் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் ஒரு மந்தை மலைமாடுகளுக்கு நடுவில் விட்டார்கள்.

மாமனார் காலையில் மாடுகளை ஓட்டிக்கொண்டு மலைப்பக்கம் போனால் பொழுது சாயத்தான் திரும்புவார். காக்கி அரை டவுசர், தலையில் துண்டு, பின்னால் ஒரு வெள்ளை நாய். காட்டில் ராஜா மாதிரி நடக்கிறவர், வீட்டுக்குள் வந்தால் வாயைத் திறக்க மாட்டார். இரவு குடும்ப ஜெபத்தை மாமியார் அரை மணி நேரம் நடத்துவார். மாமனாரின் பங்கு கடைசியில் ஒரே ஒரு ஆமென். அதையும் மாடு விரட்டுகிற குரலில்தான் சொல்வார். இந்த மனுஷனுக்கு ஜெபமே வராது என்று மாமியார் போதகர் வரைக்கும் புகார் கொண்டுபோயிருந்தார்.

என்னிடம் அந்த ஆமென் அளவுக்குக்கூட அவர் பேசியதில்லை. நான் போடும் காபியை நின்றபடியே ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போவார். அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அம்மாவிடம் போனில் சொல்லி அழுதும் இருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் குடலிறக்க ஆபரேஷனுக்காக என் கணவர் அவரை மதுரைக்குக் கூட்டிப் போனார். மந்தையை மேய்க்கப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒத்துக்கொண்டார். வீட்டுப் பாலுக்கென்று இருந்த செவலைப் பசுதான் ஒத்துக்கொள்ளவில்லை. அதன் மடியில் மாமனாரைத் தவிர வேறு யாரும் கை வைத்ததில்லை. மாமியார் கறக்க உட்கார்ந்தார். விட்ட உதையில் வாளி ஒரு பக்கம், மாமியார் ஒரு பக்கம். அடுத்து பால்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீராப்பாக வந்தார், நொண்டிக்கொண்டு போனார். மறுநாள் மடி கல்லு மாதிரி இறுகி, பாவம், அது நிற்க முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்தது. பால் இப்படியே தேங்கினால் மடிநோய் வந்துவிடும், இன்றைக்கே கறந்தாக வேண்டும் என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார்.

இது மாமனார் காதுக்குப் போனதுதான் தாமதம், தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கிவிட்டாராம். பஸ் ஏறப் போகிறாராம். நர்சும் என் கணவரும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். தையல் பிரிந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் வேறு சத்தம் போட்டுவிட்டுப் போனாராம். கடைசியில் வேறு வழியில்லாமல், ரொம்பவும் வெட்கப்பட்டு, மாமியாரிடம் போனில் விஷயத்தைச் சொன்னார்.

"அது சும்மா பால் விடாது. கறக்கையில நான் ஒண்ணு சொல்லுவேன். போன அது காதுப் பக்கம் வையி. அங்க வேற யாரும் இருக்கக் கூடாது."

"ஒருத்தரும் இல்ல, நான் மட்டுந்தான்" என்றார் பொய்யே பேசாத என் மாமியார். சொல்லிக்கொண்டே ஸ்பீக்கரைப் போட்டு போனை என் கையில் கொடுத்து, வாயில் விரலை வைத்துக் காட்டினார். நான் கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, மாட்டின் காதருகே போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமியார் வாளியோடு உட்கார்ந்தார்.

மாமனார் ஜெபத்தை ஆரம்பித்தார். ஜெபம் வராத மனுஷன் பேசிக்கொண்டே போகிறார்! முதலில் மாடுகள், ஒவ்வொன்றும் அதனதன் குணத்தோடு. அப்புறம் நாய். அப்புறம் மலையில் இருக்கும் சிறுத்தை. அதுவும் நீர் படைத்ததுதான், அதற்கு வேறு பக்கம் இரை காட்டும் என்று கேட்டுக்கொண்டார். செவலையின் காது அசைந்தது. உடம்பு தளர்ந்தது. வாளியில் சர் சர்ரென்று பால் விழ ஆரம்பித்தது.

சிறுத்தைக்குப் பிறகுதான் மாமியார் முறை வந்தது. "என் வீட்டுக்காரிக்கு வார கோவத்துல பாதி நியாயந்தான், ஆண்டவரே. மிச்சத்த மட்டும் கொறைச்சுத் தாரும்" என்றார். மாமியாரின் கை அப்படியே நின்றது. முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

"புதுசா வந்திருக்க மருமக..." என்று அடுத்து ஆரம்பித்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"அவ போடுத காபிய மொகம் சுளிக்காமக் குடிக்கப் பெலன் தாரீரே, அதுக்கு ஸ்தோத்திரம். அப்பன் இல்லாம வளந்த புள்ள. என்னைய மாமான்னு பயந்து பயந்து கூப்பிடுதா. எனக்கும் மாட்டுக்கிட்டப் பேசுத மாதிரி மனுசங்ககிட்டப் பேச வரல. இது அவ வீடுதான், அவளும் என் மகதான்னு நீரே எப்பிடியாச்சும் அவகிட்டச் சொல்லிரும்."

நான் அங்கேயே அழுதுவிட்டேன். சத்தம் வராமல் அழுவது சத்தம் வராமல் சிரிப்பதைவிடக் கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எப்போது மாட்டின் கழுத்தில் சாய்ந்தேன் என்று நினைவில்லை. அதுவும் ஒன்றும் செய்யவில்லை. ஜெபம் முடிந்ததும், ஆஸ்பத்திரியில் சுற்றிப் படுத்திருந்த எல்லா மதத்துக்காரர்களும் சேர்ந்து ஆமென் சொன்னது போனில் கேட்டது. செவலையின் மடி காலியாகியிருந்தது.

அந்த ஜெபம் என் காதில் விழுந்ததை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. போன வருஷம் அவர் தவறிப்போகும் வரைக்கும் வீட்டுக்குள் அதே வாய் திறக்காத மனுஷனாகத்தான் இருந்தார். நான்தான் மாமா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு அப்பா என்று கூப்பிட ஆரம்பித்தேன். முதல் தடவை கூப்பிட்டபோது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேகமாகத் தொழுவத்துக்குப் போய்விட்டார். யாரிடம் சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். அதிலிருந்து, பேசாத மனிதர்களைப் பார்த்தால் இவருக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று தோன்றுவதே இல்லை. நமக்குக் கேட்காத இடத்தில் நமக்காக எவ்வளவு பேசியிருப்பாரோ என்றுதான் தோன்றுகிறது.